ஒரே நாளில் நான்கு ஊர்களா? ரோமிலிருந்து வெனிஸ் செல்லும் வழியில் எங்கே இறங்கலாம்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் 14 வயது மகனும் 71 வயதான தாயாரும் வரும் அக்டோபரில் இத்தாலிக்குச் செல்கிறார்கள். ரோமில் நான்கு நாட்கள் தங்கிய பின், ஐந்தாம் நாளான திங்கட்கிழமை ரயிலில் வெனிஸ் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு பகலை வீணாக்காமல் வழியிலுள்ள ஊர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது அவருடைய எண்ணம். காலை 7 மணிக்கு ரோமை விட்டு ஓர்வியேத்தோவில் இறங்குவது, மதியம் பிளாரன்ஸில் உஃபிசி ஓவியக் கூடத்தைப் பார்ப்பது, மாலையில் பொலோன்யாவில் கோபுரம் ஏறுவது, இரவு எட்டரைக்குப் பதுவையில் இறங்கிப் புனித அந்தோனியார் பேராலயத்தில் வேண்டிக்கொண்டு, பத்தரைக்குள் வெனிஸ் சேர்வது என்று அட்டவணையும் போட்டு அனுப்பியிருக்கிறார். ஆண்டுதோறும் உவரி அந்தோனியார் கோவிலுக்குத் தவறாமல் போகும் தாயாருக்கு இந்தப் பயணத்தில் இருக்கும் ஒரே ஆசை பதுவைதானாம்.

அவருடைய கேள்விகள் நான்கு. ரோம்–வெனிஸ் சீட்டு ஒன்றை எடுத்து, நம் ரயில்வேயின் பிரேக் ஜர்னிபோல இடையில் இறங்கி ஏற முடியுமா? அதற்குப் பதில், ஐரோப்பிய ரயில்களில் குறிப்பிட்ட சில நாட்கள் பயணிக்க உதவும் யூரெய்ல் பாஸ் வாங்கினால் லாபமா? நான்கு பெரிய பெட்டிகளை என்ன செய்வது? முழங்கால் வலியுள்ள தாயாருக்கு இது ஒத்துவருமா?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அட்டவணையில் ரயில் நேரங்களைப் பெரும்பாலும் சரியாகவே குறித்திருக்கிறீர்கள். ஆனால் ரயிலுக்கு வெளியே செலவாகும் நேரத்துக்கு அதில் இடமே இல்லை. ரோமிலிருந்து ஓர்வியேத்தோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து பிளாரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல், பிளாரன்ஸிலிருந்து பொலோன்யா அதிவேக ரயிலில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம், அங்கிருந்து பதுவை ஒரு மணி நேரம், கடைசியாக வெனிஸுக்கு அரை மணி நேரம் என்று கூட்டினால் ரயிலில் மட்டும் ஐந்தரை மணி நேரம் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் பெட்டிகளை ஒப்படைத்து, திரும்ப வாங்கி, அடுத்த ரயிலின் நடைமேடை எண் பலகையில் வரும்வரை காத்திருப்பதற்கு ஒரு மணி நேரம் வைத்தால் அது நான்கு மணி நேரம். காலை ஏழிலிருந்து இரவு பத்தரை வரையுள்ள பதினைந்தரை மணி நேரத்தில் நான்கு ஊர்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஆறு மணி நேரம். அதிலும் உங்கள் தாயார் நடக்கும் வேகத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னும் மூன்று இடங்களில் இந்தத் திட்டம் இடிக்கிறது. உஃபிசி கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதேமியாவுக்கும் அப்படியே. பொலோன்யாவில் உங்கள் மகன் ஏற விரும்பும் அசினெல்லி கோபுரம், பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்தின் உறுதி குறித்த அச்சத்தால் 2023 அக்டோபர் முதல் மூடப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதுவைப் பேராலயம் இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்காது. உங்கள் தாயார் கேட்ட ஒரே இடத்தை அட்டவணையின் கடைசியில் வைத்ததால், அவர் அதன் கதவை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். ஆகவே பதுவையைப் பயணத்தின் நடுவில் வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பதே முறை என்பது என் கருத்து. நல்லவேளையாக, இந்தப் பாதையில் இடையில் இறங்குவதற்கு மிக எளிதான ஊரும் அதுவே.

சீட்டு எதற்கு இடம் தருகிறது

நம் நாட்டில் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாதாரண ரயில் சீட்டில் ஒருமுறை இடையில் இறங்கித் தங்கிச் செல்ல விதி இடம் தருகிறது. அதைத்தான் நீங்கள் மனத்தில் வைத்திருக்கிறீர்கள். இத்தாலியின் அதிவேக ரயில்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அரசு நிறுவனத்தின் ஃப்ரெச்சாரோசா ஆனாலும், தனியார் நிறுவனமான இத்தாலோவின் ரயில் ஆனாலும், சீட்டு என்பது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ரயிலில், குறிப்பிட்ட இருக்கைக்கானது. ரோம்–வெனிஸ் சீட்டோடு பிளாரன்ஸில் இறங்கினால் மீதித் தூரத்துக்கான பணம் போனது போனதுதான். அடுத்த ரயிலில் ஏறினால் சீட்டில்லாப் பயணியாகவே கருதப்படுவீர்கள். எனவே இறங்கும் ஊர்வரை ஒன்று, அங்கிருந்து அடுத்தது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

அரசு நிறுவனமான ட்ரெனித்தாலியா தன் அதிவேக ரயில்களில் மூன்று விதக் கட்டணங்களை வைத்திருக்கிறது. மிக மலிவான சூப்பர் எக்கானமியும் அதற்கு அடுத்த எக்கானமியும் முன்கூட்டி வாங்குவோருக்குக் கிடைப்பவை. பணம் திரும்ப வராது, மாற்றிக்கொள்ளும் வசதியும் குறைவு. முழுக் கட்டணமான பேஸ் சீட்டை ரயில் புறப்படும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ரயிலைத் தவறவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். விடுதியிலிருந்து நேரே நிலையம் போகும் காலைப் பயணத்துக்கு மலிவான சீட்டே போதும். ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து பிடிக்க வேண்டிய ரயிலுக்குத்தான் பேஸ் சீட்டின் கூடுதல் விலை நியாயமாகிறது. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையோடு செல்லும் குடும்பங்களுக்கு, பெரியவர்கள் பேஸ் கட்டணம் செலுத்தினால் பிள்ளைக்கு இலவசம் என்ற சலுகையும் உண்டு. அதற்கான இடங்கள் குறைவு என்பதால் சீக்கிரம் பார்த்துவிடுங்கள். மகனின் வயதைக் காட்டப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

வட்டார ரயில்களின் கதை வேறு. ரெஜியோனாலே என்றும் ரெஜியோனாலே வெலோச்சே என்றும் குறிக்கப்படும் இவற்றில் தூரத்துக்கேற்ற நிலையான கட்டணம்தான். முன்பதிவும் கிடையாது, இருக்கை எண்ணும் கிடையாது, இன்று வாங்கினாலும் ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை. காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை பதிக்க வேண்டும். கைபேசியில் வாங்கிய சீட்டுக்கு ஏறும் முன் செக்-இன் செய்ய வேண்டும். இதை மறந்தவர்களிடம் பரிசோதகர் தண்டம் வசூலிப்பார். வெளிநாட்டவர் என்று விட்டுவிடும் வழக்கம் இல்லை. ஒரே வட்டாரச் சீட்டில் இடையில் இறங்கி ஏறும் கணக்குகளையும் போடாதீர்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால், கட்டம் கட்டமாக வாங்குவதால் கூடும் செலவு சொற்பமே.

யூரெய்ல் பாஸ் உங்களுக்கு வேண்டாம். இத்தாலிக்கான பாஸ் குறைந்தது மூன்று பயண நாட்களுக்கானது. உங்களுக்கோ நீண்ட பயணம் ஒரே நாள். பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் ஒவ்வொருவரும் தனிக் கட்டணம் செலுத்தி இருக்கை பதிய வேண்டும். குழந்தைகளுக்கான இலவசப் பாஸும் 11 வயதோடு முடிந்துவிடுகிறது.

நான் சொல்லும் வழி

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து வெனிஸ் செல்லும் அதிவேக ரயில்கள் பல பதுவையில் நிற்கும். பயணம் மூன்றேகால் முதல் மூன்றரை மணி நேரம். ரயில் பலகைகளிலும் சீட்டிலும் ஊரின் பெயர் பாதோவா என்றிருக்கும், குழம்ப வேண்டாம். காலை எட்டரை வாக்கில் புறப்பட்டால் பன்னிரண்டு மணிக்குப் பதுவையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து வெனிஸுக்கு ஒரு மணி நேரத்தில் பல வட்டார ரயில்கள் உண்டு. விரைவானது அரை மணி நேரத்துக்குள் போய்விடும், எல்லா நிலையங்களிலும் நிற்பது ஐம்பது நிமிடம் எடுக்கும், கட்டணம் ஆளுக்குச் சுமார் 5 யூரோதான். கடைசிக் கட்டத்துக்குக் குறிப்பிட்ட ரயில் என்று ஒன்று இல்லாததால் பேராலயத்தில் உங்கள் தாயாரை யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. நாலு மணி ரயிலை விட்டால் நாலரை ரயில், அதையும் விட்டால் ஐந்து மணி ரயில்.

நிலையத்திலிருந்து பேராலயம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிலைய வாசலில் ட்ராம் ஏறி சாந்தோ நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். லிஸ்பனில் பிறந்து 1231இல் பதுவையில் இறந்த அந்தோனியாரின் கல்லறையும், 1263இல் கல்லறையைத் திறந்தபோது அழியாமல் இருந்ததாகச் சொல்லப்படும் நாவும் வெவ்வேறு சிற்றாலயங்களில் இருக்கின்றன. கல்லறையின் பின்புறக் கல்லில் கை வைத்து வேண்டுவது அங்குள்ள வழக்கம். இரண்டுக்கும் வரிசை உண்டு; திருவிழா நாளான ஜூன் 13 வாக்கில் அது மிக நீளும், அக்டோபர் திங்கட்கிழமையில் அவ்வளவு இராது. வெளியே சதுக்கத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தளபதியின் வெண்கலச் சிலை சிற்பி தொனாத்தெல்லோ வார்த்தது. அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம். நீங்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

பதுவையில் இன்னொன்றும் இருக்கிறது. உஃபிசி கைநழுவியதற்கு அது ஈடு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்கும் மேலானது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தின் சுவர்கள் முழுவதிலும் ஓவியர் ஜொத்தோ 1303 முதல் 1305 வரை தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. இதைக் கட்டுவித்த என்றிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞியின் தந்தை பெரும் வட்டிக்காரர். கவிஞர் தாந்தே அவரை நரகத்தில் வைத்துப் பாடியிருக்கிறார். மூன்று அரசர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியில் விண்மீனுக்குப் பதிலாக நெருப்பு வால் கொண்ட வால்மீன் பறக்கும். 1301இல் தோன்றிய ஹேலி வால்மீனைக் கண்டு வரைந்தது அது என்று பலரும் கருதுகிறார்கள். 1986இல் ஹேலியை நெருங்கிச் சென்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜொத்தோ என்று பெயர் வைத்ததும் இதனால்தான். கோபுரம் ஏற முடியாத உங்கள் மகனிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஓவியங்களைக் காக்க, சிறு குழுக்களாகவே உள்ளே விடுகிறார்கள்: காற்றின் ஈரத்தைச் சீராக்கும் அறையில் முதலில் கால் மணி நேரம், பிறகு ஆலயத்துக்குள் கால் மணி நேரம். இணையத்தில் முன்பதிவு அவசியம். குறித்த நேரம் தவறினால் அனுமதி போய்விடும். பன்னிரண்டுக்கு இறங்குகிறவர்கள் ஒன்றரைக்கு முன் நேரம் குறிக்கக் கூடாது.

பிளாரன்ஸையும் விட மனமில்லை என்றால்

முடியும், ஆனால் பதுவையோடு அந்த ஒன்றை மட்டும்தான். ஏழரை வாக்கில் ரோமை விட்டால் ஒன்பது மணி சுமாருக்குப் பிளாரன்ஸ். பன்னிரண்டரைக்குள் மறுபடி ரயிலேறினால் இரண்டரைக்குள் பதுவை. மூன்றரை மணி நேரத்தில் பெட்டி வேலை போக மிஞ்சுவது இரண்டரை. நிலையத்தின் எதிரிலேயே சாந்தா மரியா நோவெல்லா ஆலயம். மசாச்சோவின் திரித்துவ ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கால் மணி நேர நடையில் நகரப் பேராலயத்தின் மேல் புருனெல்லஸ்கி எழுப்பிய குவிமாடம், இன்னும் சற்றுத் தள்ளி சிஞ்ஞோரியா சதுக்கம், ஆர்னோ ஆற்றின் பழைய பாலம். வெளியிலிருந்து பார்த்து வர இது போதும். குவிமாடத்தின் 463 படிகளை ஏற நேரம் குறித்த முன்பதிவு வேண்டும் என்பதால் அதை இந்த நாளில் சேர்க்காதீர்கள். சீட்டு வாங்கும்போது நிலையத்தின் முழுப் பெயரையும் பாருங்கள்: சாந்தா மரியா நோவெல்லாதான் நகர மையத்தில் இருப்பது, காம்ப்போ தி மார்த்தே அன்று. வெனிஸிலும் இதே சிக்கல். மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது, கால்வாய்க் கரையில் இறக்கிவிடுவது சாந்தா லூச்சியா. உங்கள் விடுதி எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

பிளாரன்ஸைச் சேர்த்தால் பெட்டிகளை இருமுறை ஒப்படைக்க வேண்டிவரும், உங்கள் தாயாருக்குக் காலையிலேயே கற்பாவிய தெருக்களில் நடை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பதுவையோடு நிறுத்திக்கொள்வேன்.

பொலோன்யாவை இந்த நாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே அதிவேக ரயில்கள் பல நிலத்தடி நடைமேடைகளில் நிற்கின்றன. மேலே வரவே நேரம் பிடிக்கும், பிறகு மாஜோரே சதுக்கம்வரை இருபது நிமிட நடை.

பெட்டிகளும் முழங்காலும்

ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் போன்ற பெரிய நிலையங்களில் பணம் கட்டிப் பெட்டிகளை ஒப்படைக்கும் அலுவலகம் உண்டு. சிறிய நிலையங்களில் அதை நம்பி இறங்கக் கூடாது. பதுவையில் நிலையத்தை ஒட்டித் தனியார் பொருள் காப்பிடம் ஒன்றை முன்கூட்டியே இணையத்தில் பதிந்து, அது மூடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடம் உறுதியாகவில்லை என்றால் மாற்று வழி சுலபம்: ரோமிலிருந்து நேரே வெனிஸ் போய், விடுதியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, மறுநாள் காலை வெறுங்கையோடு வட்டார ரயிலில் பதுவைக்கு வந்து திரும்புங்கள். இதில் குறைவுபடுவது ஒன்றுமில்லை.

உங்கள் தாயாருக்காக நீங்கள் கேட்காத ஓர் உரிமையையும் சொல்லிவிடுகிறேன். நடக்கச் சிரமப்படும் முதியோருக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ரயில் நிலையங்களில் இலவச உதவி உண்டு. இத்தாலியில் இதற்குச் சாலா ப்ளூ என்ற பிரிவு இருக்கிறது. ஒரு நாளுக்கு முன்பே பதிந்தால் நிலைய வாசலிலிருந்து சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்று, தேவையானால் தூக்கியின் மூலம் ரயிலேற்றி, இறங்கும் ஊரிலும் ஆளை நிறுத்துவார்கள். ஊனமுற்றோர் சான்றிதழ் இருந்தால்தான் கேட்கலாம் என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

தாமதமும் வேலைநிறுத்தமும்

ரயில் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தாமதித்தால் சீட்டு விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதமும் கேட்டுப் பெறலாம். ஆனால் அது அந்த ரயிலின் சீட்டுக்கு மட்டுமே. தாமதத்தால் ஜொத்தோவின் அனுமதிச் சீட்டு வீணானால் அந்த இழப்பு உங்களுடையது.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் சொல்லிவிட்டுத்தான் வரும். குறைந்தது பத்து நாள் முன்னறிவிப்பு சட்டப்படி கட்டாயம். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய வட்டார ரயில்கள் ஓடும். தொலைதூர ரயில்களில் எவை நிச்சயம் ஓடும் என்ற பட்டியலும் வெளியாகும். புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஓர்வியேத்தோ. அதைக் கைவிட வேண்டாம். ரோமில் இருக்கும் நான்கு நாட்களில் ஒன்றின் காலைப்பொழுதை அதற்குக் கொடுங்கள், பெட்டிகள் ரோம் விடுதியிலேயே இருக்கட்டும். நிலையத்துக்கு எதிரிலேயே கயிற்றிழுவை ரயில் ஏறினால் சில நிமிடங்களில் மலைமேல் நகரம். அங்கிருந்து பேராலயத்துக்குச் சிற்றுந்து போகிறது, எனவே உங்கள் தாயாரும் வரலாம். இழுவை ரயிலின் மேல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே புனித பாட்ரிக் கிணறு இருக்கிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளமென்ட் முற்றுகைக்கு அஞ்சி வெட்டுவித்த அந்தக் கிணற்றில், இறங்குகிறவரும் ஏறுகிறவரும் எதிர்ப்படாதபடி இரண்டு சுழற்படிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். மகனை அதில் இறக்கிவிட்டு நீங்கள் இருவரும் தாயாரோடு மேலே பேராலயத்தைப் பாருங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தை மட்டும் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தில் இரண்டு ரயில்களுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழுவதுண்டு.